ஒரு கண் திடீரென்று இருண்டால் இதயத்தைப் பார்க்க வேண்டும்

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் கண் தெரியவில்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. புரையாக இருக்கும், அடுத்த முகாமில் காட்டிக்கொள்ளலாம் என்பதுதான் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை எந்த வீட்டிலும் கிடைக்கும் முதல் பதில். கண் முகாம்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றால் பார்வை திரும்பப் பெற்றவர்கள் எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் புரை என்பது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக மறைப்பது. அந்த ஒரு நோயோடு பழகிப் பழகி, கண்ணில் எது வந்தாலும் அது நமக்காகக் காத்திருக்கும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. சில நொடிகளில், வலியில்லாமல், கண் சிவக்காமல், நீர் வடியாமல், ஒரு கண்ணின் பார்வை மட்டும் போய்விடுகிற நோய் ஒன்று உண்டு. மைய விழித்திரைத் தமனி அடைப்பு என்பது அதன் பெயர். அது பெரும்பாலும் கண்ணில் தொடங்குவதே இல்லை. இதயத்திலோ கழுத்து ரத்தக் குழாயிலோ தொடங்கிக் கண்ணில் வந்து தன்னைக் காட்டிக்கொள்கிறது.

தேவகோட்டையில் இருக்கும் என் ஆச்சிக்கு அது நேர்ந்தது. எனக்குச் சில வயது மூத்த அக்காள். அப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. நெருங்கிய உறவில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டாம் கட்டில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தெறித்ததோ தூசி விழுந்ததோ, இடது கண் உறுத்தியிருக்கிறது. கையெல்லாம் மாவு என்பதால் புறங்கையால் அந்தக் கண்ணை மூடித் தேய்த்திருக்கிறாள். மூடிய அந்தக் கணத்தில் எதிரே இருந்த அடுப்பும், துணியில் வரிசையாகக் கிடந்த முறுக்கும், பக்கத்தில் இருந்த பெண்களும் ஒன்றும் தெரியவில்லை. வலது கண்ணின் ஓரத்தில் மட்டும் முற்றத்து வெளிச்சம் மங்கலாக இருந்ததாம். அந்தப் பார்வை எப்போது போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டிவிடும் என்பதால், வேலை மும்முரத்தில் இருப்பவர்கள் அதை உணராமலே இருந்துவிட முடியும். காலையில் விளக்கேற்றும்போது நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் அவளுக்கு நிச்சயம். "வலிக்கவே இல்லையேப்பா, வலிச்சாத்தானே பயப்படணும்" என்று அன்று இரவு தொலைபேசியில் என்னிடம் சொன்னாள்.

அதற்கு முன்பே அன்று மாலை உள்ளூரில் ஒரு மருத்துவரிடம் அத்தான் அழைத்துப் போயிருந்தார். கண்ணில் அழுத்தம் இருக்கலாம், புரையும் தொடங்கியிருக்கலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரு சாதாரண டார்ச் விளக்கு போதுமாக இருந்திருக்கும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இருட்டான அறையில் விளக்கொளியை ஒரு கண்ணிலிருந்து மற்றொரு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டினால், நல்ல கண்ணில் சுருங்கும் கண்மணி, ரத்தம் கிடைக்காமல் போன கண்ணுக்கு ஒளி வந்ததும் சுருங்காமல் விரியும். புரையில் இப்படி நடக்காது. ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம்.

மறுநாள் காலையில் மதுரைக்குக் கொண்டுபோனோம். கண் மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர், மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, உள்ளே நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு ஆச்சியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார். கண்ணைக் காட்ட வந்த இடத்தில் கையைப் பிடிக்கிறாரே என்று அத்தான் என்னைப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு, "அம்மாவுக்கு நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, இதற்கு முன் யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டார். யாரும் சொன்னதில்லை.

அவர் கண்ணுக்குள் பார்த்தது இது. விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் மைய விழித்திரைத் தமனி, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அகலமே உள்ள மிகச் சிறிய குழாய். கழுத்தில் ஏறி மூளைக்குப் போகும் உட்கழுத்துத் தமனி மண்டைக்குள் நுழைந்ததும் பிரியும் முதல் முக்கியக் கிளை கண்ணுக்குப் போகிறது. அந்தக் கிளையிலிருந்து பிரிவதுதான் இந்தக் குழாய். இதயத்திலிருந்தோ கழுத்திலிருந்தோ கிளம்பும், உறைந்த ரத்தமோ கொழுப்போ ஆன ஒரு துணுக்கு மூளைக்குப் போகும் வழியில் இங்கே திரும்பிவிட்டால், கண்ணுக்குள் நுழையும் குறுகலான இடத்தில் சிக்கிக்கொள்கிறது. ரத்தம் நின்றதும் விழித்திரை வீங்கி வெளிறுகிறது. பார்வையின் நடுப்புள்ளியில் மட்டும் விழித்திரை மெல்லியது என்பதால், பின்னாலிருக்கும் ரத்தக் குழாய்ப் படலத்தின் சிவப்பு அங்கே தெரிகிறது. வெளிறிய பரப்பின் நடுவே தெரியும் அந்தச் சிவப்புப் பொட்டை மருத்துவர்கள் செர்ரிப் புள்ளி என்கிறார்கள். ஆச்சியின் வலது கண்ணில் அது தெளிவாக இருந்தது.

கண்ணின் இந்த நிலையை இதயத்தோடு சேர்த்துப் பார்த்தது புதிய விஷயமும் அல்ல. கண்ணுக்குள் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகப்படுத்திய சில ஆண்டுகளிலேயே, 1859இல், ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, இதய உட்சுவர் அழற்சி இருந்த ஒரு நோயாளியின் விழித்திரைத் தமனி அடைபட்டிருப்பதைக் கண்டு விவரித்தார். இப்போது மருத்துவ உலகம் இதை வெறும் கண் நோயாகப் பார்ப்பதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கை, மைய விழித்திரைத் தமனி அடைப்பைப் பக்கவாதத்தின் ஒரு வடிவமாகவே கொள்கிறது. கண்ணில் நடந்ததால் கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. மற்றபடி இரண்டும் ஒன்றே. இப்படிக் கண் இருண்டவர்களை உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், நான்கில் ஒருவர் அளவுக்கு மூளையிலும் புதிய சிறு பாதிப்புகள் தெரிகின்றன. ஆச்சிக்கும் அப்படி இரண்டு இடத்தில் இருந்தன. அவளுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை என்பதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டோம். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே என்ற கண் மருத்துவ ஆராய்ச்சியாளர், வயதான குரங்குகளின் விழித்திரைத் தமனியை அடைத்து வைத்துச் சோதித்தார். 97 நிமிடம் வரை ரத்தம் நின்றாலும் விழித்திரை மீண்டது. 240 நிமிடம் நின்றால் மீள முடியாத பெரும் சேதம் ஏற்பட்டது. மனிதர்களில் அடைப்பு முழுமையாக இல்லாமல் கொஞ்சம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் இன்னும் சற்று நேரம் கிடைக்கலாம். கண்ணை அழுத்தித் தேய்ப்பது, கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் நீரை எடுப்பது போன்ற பழைய வைத்தியங்கள் பயன் தருவதாக உறுதியாகவில்லை. பக்கவாதத்துக்குப் போடும், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடுவது குறித்து மருத்துவர்களிடையே இன்னும் ஒரே முடிவு இல்லை. போடலாம் என்று கருதும் மையங்களும், அடைப்பு தொடங்கிய நேரம் தெரியவேண்டும் என்கின்றன. ஆச்சிக்கு அந்த நேரமே தெரியாது. தெரிந்திருந்தாலும், தேவகோட்டையிலிருந்து மதுரைக்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முந்தைய நாள் மாலையில் சொட்டு மருந்தோடு திரும்பியபோதே அந்த வாய்ப்பு கடந்திருக்கக்கூடும் என்று நினைத்துத்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

கண் போனது போனதுதான் என்றான பிறகு அந்த இளம் மருத்துவர் சொன்னது முக்கியம்: "அடுத்த துணுக்கு எங்கே போகும் என்று தெரியாது. இன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று கிளம்பாதீர்கள்." முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான் பக்கவாத ஆபத்து மிக அதிகம். அதனால் ஈ.சி.ஜி., எக்கோ, கழுத்துக் குழாய்களுக்கு டாப்ளர், மூளைக்கு எம்.ஆர்.ஐ., சர்க்கரை, கொழுப்பு என எல்லாமே ஒரே மூச்சில் நடக்க வேண்டியிருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளையும் கேட்பார்கள். நெற்றிப்பொட்டுத் தமனியில் அழற்சி வந்தும் இப்படிப் பார்வை போகலாம். நம் நாட்டில் அது அரிது என்றாலும், அதற்கு உடனே ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் மற்றக் கண்ணும் போய்விடக்கூடும்.

ஈ.சி.ஜி. எடுத்ததும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல் வெறுமனே படபடத்துக்கொண்டிருக்கும் நிலை அது. எக்கோவில் அதற்கான காரணமும் வெளிவந்தது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மிட்ரல் வால்வு, சாதாரணமாக நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டியது. ஆச்சிக்கு அது 1.1தான். ஒன்றரைக்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம் என்கிறார்கள். வழி குறுகியதால் மேலறை பல வருடங்களாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த அறையின் ஓரத்தில் காது மடல் போன்ற ஒரு சிறு பை உண்டு. ஊரணியில் ஓட்டமில்லாத மூலையில் பாசி கட்டுவதுபோல ரத்தம் தேங்கி அங்கே உறைகிறது. உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எடுத்த எக்கோவில், ஆச்சியின் இதயத்தில் அந்தப் பைக்குள் ஒரு ரத்தக் கட்டி இருப்பது தெரிந்தது. கண்ணுக்குப் போனது அதில் உடைந்த ஒரு துணுக்கு. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 1978இல் வெளிவந்த கணக்கின்படி, வால்வுக் கோளாறு இல்லாமல் இந்தத் தாளத் தப்பு இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிடும் ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்து இருந்தால் பதினேழு மடங்கு.

ருமாட்டிக் காய்ச்சல் உங்களுக்கு எப்போது வந்தது என்று இதய மருத்துவர் கேட்டபோது ஆச்சிக்கு நினைவில்லை. எங்கள் ஆத்தாதான் சொன்னாள். ஒன்பது பத்து வயதில் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்ததாம். அது விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கியது; அது சரியாவதற்குள் கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று வலி இடம் மாறியது; எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்ததில் எல்லாம் போய்விட்டது. உண்மையில் எண்ணெய் தேய்க்காவிட்டாலும் அது போயிருக்கும். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு, ஆள் தெரியாமல் மூட்டுகளையும் இதய வால்வையும் தாக்குவதுதான் இந்த நோய். மூட்டுகளை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் லசேக் சொன்னதை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். முட்டி சரியான பிறகு அந்தக் கடி பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை உடம்பு போட்டதால் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பிரசவத்தையும் எப்படித் தாண்டினாள் என்பது இதய மருத்துவருக்கே வியப்பாக இருந்தது. தொண்டை வலிக்குப் பின் மூட்டு வீங்கும் பிள்ளைகளுக்கு அப்போதே எக்கோ பார்த்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுவந்தால், நோய் மறுபடி மறுபடி வந்து வால்வைக் கெடுப்பதைத் தடுக்க முடியும். ஊசி வலிக்கும், விலை அதிகமில்லை, அரசு மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

வால்வை உடனே விரித்துவிட முடியவில்லை. தொடையிலிருந்து ரத்தக் குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி ஒட்டிப்போன வால்வு இதழ்களைப் பிரிக்கும் முறையை, ஜப்பானிய இதய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1984இல் வெளியிட்டார்; இப்போது நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்கிறார்கள். ஆனால் பைக்குள் கட்டி இருக்கும்போது பலூனை உள்ளே விட்டால் அதுவே கட்டியைக் கிளப்பிவிடும். ஆகவே சில மாதங்கள் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை கொடுத்து, மறுபடி உணவுக்குழாய் வழியே பார்த்து, கட்டி கரைந்துவிட்டது என்று உறுதியான பிறகே பலூன் சிகிச்சை நடந்தது. வால்வு விரிந்தாலும் தாளம் சீராகவில்லை. மாத்திரை வாழ்நாளெல்லாம் தொடரும்.

ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றனவே, அதைக் கொடுக்கக் கூடாதா என்று வெளிநாட்டில் இருக்கும் என் மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ருமாட்டிக் வால்வு நோயும் தாளத் தப்பும் சேர்ந்தவர்கள் நான்காயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் பங்கெடுத்து, 2022இல் முடிவு வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய மாத்திரையான ரிவராக்சபானைவிட அசிட்ரோம் போன்ற பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களே குறைவாக இறந்தார்கள். ஆகவே ஆச்சிக்குப் பழையதுதான் சரி. அதற்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் ரத்தக் கசிவு வரும்.

இந்த அளவை நிறுத்தி வைப்பதில் பாதி வேலை அடுப்படியில் நடக்கிறது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆச்சி கீரையை அடியோடு நிறுத்திவிட்டாள். கீரை மண்டியும் தண்ணிச்சாறும் இல்லாத சாப்பாடு எங்கள் வீட்டில் சாப்பாடே இல்லை. ஆகவே சில நாள் விரதம், பிறகு பொறுக்க முடியாமல் முருங்கைக்கீரை ஒரு சட்டி என்று போனதில், ஐ.என்.ஆர். ஏறியும் இறங்கியும் ஆடியது. கீரையை விடவேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், அதற்கேற்ப நாங்கள் மாத்திரையைச் சரிசெய்துகொள்கிறோம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அடங்கியது. கீரையைவிட ஆபத்தானவை மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களும். அவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை.

கண் நோய் என்றால் எங்கள் பக்கத்தில் நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாளை நினைக்காமல் இருக்க முடியாது. கண்ணுடைய நாயகி சந்நிதியில் வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக எங்கள் ஆத்தா முதல் நாளே வேண்டிக்கொண்டாள். ஆச்சியும் செவ்வாய்ப் பொங்கலுக்குப் போனபோது செலுத்திவிட்டு வந்தாள். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, மருத்துவமனைக்குப் போன பிறகு போனால் சரி. நோய் இதயத்தில் இருக்க நாம் கண்ணை வாங்கிச் சாத்துகிறோமே என்று அத்தான்தான் முணுமுணுத்தார்.

இவ்வளவும் முடிந்து ஆச்சி வீடு திரும்பியிருந்தபோது, அவளைப் பார்க்கக் கானாடுகாத்தானிலிருந்து எங்கள் தாய்மாமன், நாங்கள் அம்மான் என்று அழைப்பவர், வந்திருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் அவர் மனைவி அம்மான்மிண்டியும் மட்டும்தான். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். கதையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குங்கூடப் போன வாரம் ஒரு கண்ணுல மேலேருந்து கறுப்பாத் திரை இறங்குன மாதிரி இருந்துச்சு, ரெண்டு மூணு நிமிஷத்துல தானா விலகிருச்சு" என்று, காணாமல் போன மூக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னார். அம்மான்மிண்டிக்கே அது அப்போதுதான் தெரியும்.

பார்வை போய்த் திரும்பிவிடுகிற இந்த வகையைத்தான் நான் மேலும் கூர்ந்து கவனிக்கச் சொல்வேன். நிரந்தரமாக இருண்ட கண்ணை எப்படியும் யாராவது மருத்துவரிடம் கொண்டுபோவார்கள்; திரும்பிய கண்ணை யாரும் கொண்டுபோவதில்லை. துணுக்கு வந்து அடைத்து, பிறகு நொறுங்கி முன்னே நகர்ந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் இதன் பொருள். ஒரு நோயாளிக்கு இப்படி நேர்ந்துகொண்டிருக்கும்போதே கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் கண்ணுக்குள் பார்த்து, வெள்ளைத் துணுக்குகள் தமனிக்குள் நகர்ந்து போவதை 1959இல் எழுதினார். மேயோ கிளினிக்கின் ஹாலன்ஹார்ஸ்ட், விழித்திரைக் குழாய்களில் மின்னும் கொழுப்புத் துணுக்குகளைக் கழுத்துக் குழாய் நோயோடு 1961இல் தொடர்புபடுத்தினார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான்.

அம்மானை மறுநாளே அழைத்துப் போனோம். எந்தக் கண் என்று மருத்துவர் கேட்டார். இடது கண் என்று அவர் உறுதியாகச் சொன்னதற்குக் காரணம், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்திருக்கிறார். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நோய் எங்கே என்பதை இதுவே காட்டிக்கொடுக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் இருட்டு என்றால் அந்தப் பக்கத்துக் கழுத்துக் குழாயையும் இதயத்தையும் முதலில் பார்ப்பார்கள். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்தால் அது மூளையின் பின்பகுதியைச் சேர்ந்த கதை. அம்மானுக்கு நாடி ஒழுங்காக இருந்தது, எக்கோவிலும் பெரிய குறை இல்லை. ஐம்பது வருடச் சிகரெட்டும் சர்க்கரையும் இடது கழுத்துக் குழாயில்தான் வேலை செய்திருந்தன: எண்பது சதவீத அடைப்பு.

அடுத்த மாதம் அவருக்குப் பீமரத சாந்தி வைத்திருந்தார்கள். அதை முடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். எழுபது சதவீதத்துக்கு மேல் அடைத்து, கண்ணிலோ மூளையிலோ அறிகுறி காட்டியவர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்து 1991இல் வெளியான பெரிய ஆய்வை அறுவை மருத்துவர் அவருக்கு விளக்கினார். மருந்தை மட்டும் நம்பியவர்களில் இரண்டு வருடத்துக்குள் 26 சதவீதம் பேருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது, குழாயைத் திறந்து சுத்தம் செய்தவர்களில் 9 சதவீதம் பேருக்கு. கண்ணில் மட்டும் காட்டியவர்களுக்கு ஆபத்து இதைவிடக் கொஞ்சம் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அறுவையின் பலன் முதல் இரண்டு வாரத்தில்தான் மிக அதிகம், அதில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது என்றார். பெரிய வியாபாரம் பார்த்தவர் என்பதால் அம்மானுக்குக் கணக்கு உடனே புரிந்தது. அந்த வாரமே அறுவை நடந்தது. பீமரத சாந்தியும் குறித்த நாளில் குறையில்லாமல் நடந்தது. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறார். சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அம்மான்மிண்டி அதை இன்னும் நம்பவில்லை.